அது அப்படித்தான் என்று சொல்லாதீர்கள்

தேர்வுக்கு முன் பேனாவைச் சாமி காலடியில் வைத்து எடுத்தால் மதிப்பெண் கூடும் என்று நம்புவது மூடநம்பிக்கை. இதை ஒப்புக்கொள்வதில் நம்மில் பலருக்குத் தயக்கம் இல்லை. ஹயக்ரீவர் சன்னிதியில் தேர்வுக் காலத்தில் பேனாவும் ஹால் டிக்கெட்டும் குவிவதைக் கண்டித்துப் பேசும் வீடுகள் தமிழ்நாட்டில் நிறைய உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளும் சனிக்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். அபாகஸ், வேதக் கணிதம், ஃபோனிக்ஸ், ஸ்போக்கன் இங்கிலீஷ் என்று வாரத்துக்கு ஒரு மணி நேரம். மாதம் பிறந்தால் கட்டணம். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள், அதனால் பிள்ளைக்கு என்ன தெரியவந்தது, தெரியவந்தது என்பதற்குச் சான்று என்ன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

கேட்காமல் நம்புவதுதான் மூடநம்பிக்கை. நம்பப்படுவது கோயிலா, கண்ணாடிக் கதவு போட்ட பயிற்சி மையமா என்பது அடுத்த விஷயம்.

சில ஆண்டுகளுக்கு முன் 'மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் ஒரு வியாபாரம் நம் ஊர்களில் கொடிகட்டிப் பறந்தது. நடுமூளையைத் தட்டி எழுப்பினால் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டே புத்தகம் படிக்கும் என்றார்கள். படித்த பெற்றோர் பணம் கட்டினார்கள். நடுமூளை எல்லோருக்கும் பிறந்தது முதல் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அது வேலை செய்யாவிட்டால் பிள்ளை விழித்திருக்கவே முடியாது. பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் நேரில் சோதித்துக் காட்டினார்கள். மூக்கின் ஓரத்தில் கட்டுத்துணிக்கும் கன்னத்துக்கும் நடுவே ஓர் இடுக்கு இருக்கும்; பிள்ளை அதன் வழியாகப் பார்க்கிறது. அவ்வளவுதான். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பொய் சொல்லப் பழக்கி, அதைப் பார்த்துப் பெற்றோர் கைதட்டிய கொடுமை அது. அந்தக் கடைகள் பல இன்று மூடிவிட்டன. அவற்றை நடத்தவிட்ட மனநிலை மட்டும் மூடவில்லை.

எண்ணூறு மணி நேரமும் ஐம்பது மணி நேரமும்

முதலில் ஓர் எளிய கணக்குப் போடுவோம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை பள்ளி ஆண்டுக்கு 200 நாள் நடக்க வேண்டும். 800 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும். வாரம் ஒரு மணி நேர வகுப்பு, ஆண்டு முழுவதும் விடாமல் போனாலும் 50 மணி நேரத்தைச் சுற்றித்தான் வரும். 800 மணி நேரம் போய்வந்தும் ஒரு பிள்ளைக்குக் கழித்தல் பிடிபடவில்லை என்றால், 50 மணி நேரத்தில் அது எப்படிப் பிடிபடும்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் பணம் கட்டுவது காணிக்கை செலுத்துவது போலத்தான்.

பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லை என்பது உண்மை. நாட்டின் கிராமப்புறங்களில் எடுக்கப்பட்ட 2024ஆம் ஆண்டு அசர் (ASER) கல்வி ஆய்வில், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் இரண்டு இலக்கக் கழித்தலைச் சரியாகச் செய்தார்கள். 2025இல் மத்திய அரசு நடத்திய கல்விக் கணக்கெடுப்பில், மாணவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தனிப்பயிற்சிக்குப் போவதாகத் தெரிந்தது. பள்ளிக்கூடம் கடமையில் தவறிய இடத்தில் சந்தை கடை போட்டிருக்கிறது. கடை போட்டது ஏன் என்பது புரிகிறது. அங்கே விற்பது என்ன என்று பார்ப்பதுதான் நம் வேலை.

'வாரம் ஒரு நாள்' என்பதே கற்கும் முறைக்குப் பொருந்தாத ஏற்பாடு. ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே தன்னைத்தானே சோதித்து, மனப்பாடம் செய்தது முதல் சில மணி நேரத்தில் எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்பதையும், இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்தால் எப்படி நிலைக்கிறது என்பதையும் எழுதி வைத்தார். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் அதை உறுதி செய்தன. உலகெங்கும் கிளை பரப்பியிருக்கும் குமோன் முறையின் தொடக்கத்தைப் பாருங்கள். ஜப்பானில் உயர்நிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியராக இருந்த டோரு குமோன், 1954இல் இரண்டாம் வகுப்பில் திணறிய தன் மகனுக்குக் கைப்பட எழுதிய கணக்குத் தாள்களை நாள்தோறும் கொடுத்தார். அவருடைய வழியின் உயிர்நாடி 'நாள்தோறும்' என்பதில் இருக்கிறது. சனிக்கிழமை மட்டும் கணக்கு, சனிக்கிழமை மட்டும் ஆங்கிலம் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் அது கரைந்திருக்கும்.

அபாகஸ் பற்றியும் சான்று இருக்கிறது. வடோதராவில் பள்ளிப் பிள்ளைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மனக்கண்ணில் மணிச்சட்டத்தை வைத்துக் கணக்குப் போடும் பயிற்சியை மூன்று ஆண்டு கொடுத்தார்கள். அதன் முடிவு 2016இல் வெளிவந்தது. கூட்டல், பெருக்கல் வேகம் கூடியது உண்மை. நினைவாற்றல், கவனம், பொது அறிவுத்திறன் கூடியதாகக் காட்ட முடியவில்லை. அதாவது அபாகஸ் படித்தால் அபாகஸ் கணக்கு வரும். 'மூளைத்திறன் பெருகும்' என்று பேனரில் எழுதியிருப்பதற்கு அந்த ஆய்வில் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததை எழுதி விற்பவரைச் சோதிடர் என்று அழைக்க நமக்குத் தெரியும். பயிற்சி மையம் என்று பலகை வைத்தால் மட்டும் ஏன் வாய் அடைத்துப் போகிறது?

மந்திரமும் காரணமும்

'வேதக் கணிதம்' என்ற பெயரிலிருந்தே தொடங்கலாம். பூரி சங்கராச்சாரியாராக இருந்த பாரதி கிருஷ்ண தீர்த்தர் எழுதிய நூல், அவர் 1960இல் மறைந்த பிறகு 1965இல் வெளிவந்தது. அதில் உள்ள 16 சூத்திரங்கள் வேதத்தில் உள்ளவை என்பது உரிமை கோரல். அதர்வண வேதத்தின் பரிசிஷ்டம், அதாவது பிற்சேர்க்கை, என்று நமக்குக் கிடைத்திருக்கும் எந்தப் பிரதியிலும் அந்தச் சூத்திரங்கள் இல்லை. கணித அறிஞர் எஸ்.ஜி. தானி போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகளாக எழுதி வருகிறார்கள். இருந்தும் அந்தப் பெயரில் வகுப்புகள் நடக்கின்றன. வேதத்தில் இருந்து வந்தது என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்பதுதான் அந்தப் பெயரின் பலம்.

பெயரை விடுவோம். கணக்கைப் பார்ப்போம். 97ஐ 96ஆல் பெருக்க வேண்டும். அந்த வகுப்பில் சொல்லித் தருவது இது: 97 நூறுக்கு 3 குறைவு, 96 நூறுக்கு 4 குறைவு. 97இல் 4ஐக் கழித்தால் 93. மூன்றையும் நான்கையும் பெருக்கினால் 12. இரண்டையும் ஒட்டி எழுது: 9,312. விடை சரி. பிள்ளை நொடியில் சொல்கிறது, அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

இப்போது அந்தப் பிள்ளையிடம் ஏன் என்று கேளுங்கள். 93ஐயும் 12ஐயும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் விடை எப்படி வந்தது?

காரணம் ஒன்றும் மறைபொருள் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். 97ஐ நூறு தடவை எடுத்தால் 9,700. நமக்கு வேண்டியது 96 தடவைதான். நான்கு தடவை கூடுதலாக எடுத்துவிட்டோம். தடவைக்கு 100 வீதம் நான்கு நூறைக் கழித்தால் 9,300. ஆனால் கழிக்க வேண்டியது தடவைக்கு 97தானே, நாம் 100 கழித்துவிட்டோம். ஒவ்வொரு தடவையும் 3 அதிகமாகப் போய்விட்டது. நான்கு தடவைக்கு 12. அதைத் திருப்பிச் சேர்த்தால் 9,312. இதைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு அந்தக் குறுக்குவழி சொந்தமாகிவிடுகிறது. 52ஐ 17ஆல் பெருக்கச் சொன்னால், இங்கே நூறிலிருந்து கழிப்பது வீண் வேலை என்று அதுவே கண்டுகொள்ளும். 52ஐப் பத்து தடவை எடுத்தால் 520, ஏழு தடவை எடுத்தால் 364, ஆக 884 என்று வேறு வழியில் போகும். காரணம் தெரியாத பிள்ளை சூத்திரத்தைத் தேடிக்கொண்டு நிற்கும்.

காரணத்தோடு கொடுத்தால் கணிதம். காரணத்தை மறைத்துக் கொடுத்தால் மந்திரம். உள்ளே இருக்கும் எண்கள் இரண்டிலும் ஒன்றே.

மந்திரம் பயிற்சி மையத்தில் மட்டும் ஓதப்படவில்லை. நம் வகுப்பறைகளிலும் ஓதப்படுகிறது. 52இலிருந்து 17ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்பில் பல பிள்ளைகள் 45 என்று எழுதுவார்கள். இது கவனக்குறைவு இல்லை. 'பெரியதிலிருந்து சிறியதைக் கழி' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். ஒன்றின் இடத்தில் 2, 7 இருக்கின்றன. ஏழிலிருந்து இரண்டு போனால் ஐந்து. பத்தின் இடத்தில் ஐந்திலிருந்து ஒன்று போனால் நான்கு. பிள்ளை நாம் சொன்ன விதிக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்திருக்கிறது. அதற்குக் கிடைப்பது சிவப்பு மையில் பெருக்கல் குறி. பிறகு இன்னொரு விதி வருகிறது: 'மேலே சிறிய எண் இருந்தால் பக்கத்து வீட்டில் கடன் வாங்கு.' யாரிடம் கடன்? எப்போது திருப்பித் தருவது? ஒன்று வாங்கினால் அது ஏன் பத்தாக மாறுகிறது? கேட்ட பிள்ளைக்குக் கிடைத்த பதில்: 'அது அப்படித்தான்.'

தீக்குச்சிகள் போதும் இந்த விதியை விளக்க. பத்துப் பத்துக் குச்சியாகக் கட்டி ஐந்து கட்டு, உதிரியாக இரண்டு குச்சி. இதிலிருந்து 17 எடு என்று பிள்ளையிடம் கொடுங்கள். ஒரு கட்டை எடுக்கும். ஏழு உதிரி வேண்டும். கையில் இரண்டுதான் இருக்கிறது. சிறிது நேரம் பார்க்கும். யாரும் சொல்லாமலே இன்னொரு கட்டை அவிழ்க்கும். 12 உதிரியில் ஏழு போனால் ஐந்து. கட்டு மூன்று மீதி. 35. யாரிடமும் கடன் வாங்கவில்லை. தன்னிடம் இருந்ததையே பிரித்து எடுத்தது. அடுத்து ஆசிரியர் கரும்பலகையில் தவறுதலாக 45 என்று எழுதினால், அந்தப் பிள்ளை கட்டைக் காட்டி 'இல்ல டீச்சர், தப்பு' என்று சொல்லும்.

இந்த இடத்தில்தான் பகுத்தறிவு பிறக்கிறது. எட்டு வயதுப் பிள்ளை, அதிகாரத்தில் இருக்கும் பெரியவரைச் சான்று காட்டி மறுக்கக்கூடிய இடம் நம் சமூகத்தில் வேறு எங்கே இருக்கிறது? வீட்டில் முடியாது. கோயிலில் முடியாது. தெருவில் முடியாது. கணக்கில் முடியும். அந்த உரிமையைப் பிடுங்கிக்கொண்டு, 'அது அப்படித்தான், எழுதிக்கொள்' என்கிறோம். கணக்கில் 'அது அப்படித்தான்' என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, பிறப்பிலேயே உயர்வு தாழ்வு உண்டு என்று யாராவது சொன்னாலும் அது அப்படித்தான் என்று எழுதிக்கொள்ளும். பெண் அடங்கி இருக்க வேண்டும் என்று சொன்னாலும் எழுதிக்கொள்ளும். மேடையில் நாம் பேசும் பகுத்தறிவை மூன்றாம் வகுப்புக் கழித்தலில் தோற்கடித்துக்கொண்டிருக்கிறோம்.

ஆங்கிலம் அறிவுக்கு அளவுகோல் இல்லை

ஆங்கிலத்தின் சங்கதி வேறு. ஆங்கிலச் சொல் ஒன்றை ஏன் இப்படி எழுதி அப்படிப் படிக்கிறோம் என்று பிள்ளை கேட்டால், 'அது அப்படித்தான், அந்த மக்கள் அப்படிப் பழகிவிட்டார்கள்' என்பது நேர்மையான பதில். மொழி வழக்கத்தால் நடப்பது. கணிதம் காரணத்தால் நடப்பது. வழக்கத்தைப் பழக்கத்தால்தான் பிடிக்க முடியும்: காதில் விழ வேண்டும், வாயில் வர வேண்டும், கதை கேட்க வேண்டும், தப்பாகப் பேசினாலும் யாரும் சிரிக்கக் கூடாது. தினம் பத்து நிமிடம் ஆங்கிலப் படக்கதை படித்துக் காட்டுவது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் 'வாட் இஸ் யுவர் நேம், மை நேம் இஸ்' என்று கோஷ்டியாகக் கத்துவதைவிட எத்தனையோ மடங்கு மேல். நாம் செய்வது தலைகீழ். பழக வேண்டிய ஆங்கிலத்தை இலக்கண விதியாக்கினோம். யோசிக்க வேண்டிய கணக்கைப் பாராயணமாக்கினோம். இரண்டையும் ஒரே சனிக்கிழமையில், ஒரே மனப்பாட முறையில் தருகிறோம். இரண்டும் பாழாகின்றன.

இரண்டும் சேர்ந்து பாழாகும் இடம் ஒன்றைப் பாருங்கள். ஆங்கில வழி வகுப்பில் ஒரு கணக்கு: ரவியிடம் 12 மாம்பழம் உள்ளது, அது மாலாவிடம் உள்ளதைவிட 4 அதிகம், மாலாவிடம் எத்தனை? கணக்கு ஆங்கிலத்தில் இருக்கிறது, பிள்ளைக்கு வாக்கியம் புரியவில்லை. அதற்குத்தான் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்களே: 'மோர்' என்று வந்தால் கூட்டு, 'லெஃப்ட்' என்று வந்தால் கழி. பிள்ளை 'மோர்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு 16 என்று எழுதுகிறது. சரியான விடை 8. இதே கணக்கைத் தமிழில் சொன்னால், யோசித்து எட்டு என்று சொல்லக்கூடிய பிள்ளை அது. அதற்குக் கணக்கும் வரவில்லை, ஆங்கிலமும் வரவில்லை என்று இரண்டு முத்திரை குத்துகிறோம். இரண்டுக்கும் தனித்தனியே பயிற்சி வகுப்பு தேடுகிறோம்.

தாய்மொழியே தொடக்கக் கல்விக்கு ஏற்றது என்று யுனெஸ்கோ 1953இலேயே அறிக்கை வெளியிட்டது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகின. பெற்றோர் கேட்டார்கள், அரசு கொடுத்தது. பெற்றோரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆங்கிலம் தெரியாததால் பட்ட அவமானத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்தவர்கள் அவர்கள். பெரியாரே ஆங்கிலத்தைப் படி, பேசு என்று வற்புறுத்தியவர். ஆங்கிலம் வேண்டும், ஒடுக்கப்பட்ட வீட்டுப் பிள்ளைக்கு அவசியம் வேண்டும். அதே பெரியார்தான் 1935இல் தம் குடி அரசு இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தவர். ணை, லை, னை ஆகியவற்றுக்கு முன்பிருந்த தனி வடிவங்களைப் பிள்ளை எதற்காக வீணாகச் சுமக்க வேண்டும் என்ற கேள்விதான் அதன் வேர். தமிழ்நாடு அரசு அதை ஏற்க 1978 ஆனது. பிள்ளையின் மண்டையில் ஏற்றும் ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்டவரின் வழியில் வந்த நாம், ஒரு மணி நேர ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் காரணம் கேட்கக் கூடாதா?

ஆங்கிலம் கருவி. அது ஒருவருடைய அறிவுக்கு அளவுகோல் ஆகாது. தமிழில் பேசினால் அபராதம் போடும் பள்ளிக்கூடம் ஆங்கிலம் கற்பிக்கவில்லை. தன் தாயின் பேச்சு கேவலம் என்று பிள்ளைக்குக் கற்பிக்கிறது. பிறப்பை வைத்து ஒருவரைத் தாழ்த்துவதற்கும், பேசும் மொழியை வைத்துத் தாழ்த்துவதற்கும் அடியில் இருக்கும் புத்தி ஒன்றே.

ஸ்ரீநிவாச ராமானுஜன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் படித்தபோது, உதவித்தொகையை இழந்தது ஆங்கிலத் தாளில் தோற்றதால்தான். கணக்கில் உலகம் வியந்த மூளையை ஓர் ஆங்கிலத் தாள் வாசலுக்கு வெளியே தள்ளியது. நாம் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைச் சொல்வதில்லை. நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் சொன்னார் என்ற பகுதியைச் சொல்கிறோம். தாயாரின் அருள் என்று ராமானுஜனே நம்பினார், சொன்னார், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நாமக்கல்லில் அதே தாயாரை வணங்கியவர்கள் எத்தனையோ ஆயிரம் பேர். ராமானுஜன் மட்டும் வேறு ஒன்றும் செய்தார். பதினாறு வயதில் கையில் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் ஏறத்தாழ 5,000 கணித முடிவுகள் இருந்தன. பலவற்றுக்கு நிறுவல் இல்லை. அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தானே நிறுவிப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதினார். முழங்கையால் அழித்து அழித்து எழுதினார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய கதை அந்த முழங்கையின் கதைதான். அருள் வந்தால்தான் கணக்கு வரும் என்று கேட்டு வளர்கிற பிள்ளை, வரவில்லை என்றால் தனக்கு அருள் இல்லை என்று முடிவு கட்டிவிடும்.

மக்குப் பிள்ளை என்று யாரும் இல்லை

'இவனுக்குக் கணக்கு வராது' என்பது நம் வீடுகளில் சர்வசாதாரணமாகப் புழங்கும் வாக்கியம். தலையெழுத்து என்ற பழைய சொல்லின் புது உருவம்தான் அது. இந்த வாக்கியம் பொய் என்பதற்குச் சான்று இருக்கிறது.

பிரேசிலில் ரெசிஃபி நகரத் தெருவில் தேங்காய் விற்ற பிள்ளைகளை மூன்று ஆய்வாளர்கள் சோதித்து 1985இல் எழுதினார்கள். நான்கு தேங்காய் என்ன விலை என்று ஒரு பையனிடம் கேட்டார்கள். ஒன்று 35. மூன்று 105, அதோடு இன்னொன்று என்று மனதிலேயே கூட்டி 140 என்றான். அதே பையனிடம் பிறகு தாளைக் கொடுத்து 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னார்கள். நாலைந்து இருபது, இரண்டு மிச்சம், மூன்றும் இரண்டும் ஐந்து, ஐந்நான்கு இருபது என்று பள்ளியில் கற்ற முறையைத் தப்பாகப் போட்டு 200 என்று எழுதினான். தெருவில் அந்தப் பிள்ளைகள் சொன்ன விடைகளில் நூற்றுக்கு 98 சரி. தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. 52இலிருந்து 17ஐக் கழித்து 45 எழுதிய நம் பிள்ளையின் நோயும் இதுவே: காரணம் தெரியாத விதி.

டெல்லியிலும் கொல்கத்தாவிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்துப் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு 2025இல் வெளிவந்தது. அங்கும் இதே நிலை. சந்தையில் சிக்கலான கணக்கைத் துல்லியமாகப் போடும் பிள்ளைகள் பாடப்புத்தகக் கணக்கில் திணறினார்கள். பள்ளிக்கு மட்டும் போகும் பிள்ளைகள் பாடக் கணக்கில் தேறினார்கள். சந்தைக் கணக்கில் திணறினார்கள். பிள்ளைகள் சந்தையில் உழைப்பது நம் வெட்கம், அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளை மக்கு என்று சொன்ன பள்ளிக்கூடத்தின் வெட்கம் அதனினும் பெரிது.

என்ன செய்தால் பலன் கிடைக்கும் என்பதும் மர்மம் இல்லை. மும்பையிலும் வடோதராவிலும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், மூன்று, நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளைப் பத்திருபது பேராகப் பிரித்து, அந்தந்தப் பகுதியிலேயே பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களிடம் ஒப்படைத்தார்கள். தினம் இரண்டு மணி நேரம். பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கிருந்து பாடம். கணக்கிலும் மொழியிலும் தெளிவான முன்னேற்றம் வந்தது. அருளோ சூத்திரமோ அங்கே வேலை செய்யவில்லை. தினசரி நேரம், சிறு குழு, பிள்ளையின் நிலைக்கேற்ற பாடம் ஆகிய மூன்றும் வேலை செய்தன.

நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பின் 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில், பெரும்பாலும் பெண்களான தன்னார்வலர்கள், மாலை நேரத்தில் தெருவிலும் திண்ணையிலும் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் சுமார் 19,000 பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்தில் இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்றும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டது. ஏழைப் பிள்ளைகள் அதிகம் பயன் பெற்றார்கள். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றிலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்துக் கற்பிக்கும் எண்ணத்தில் எழுந்ததுதான். எண்ணம் சரி. அதை நடத்தும் ஆசிரியருக்கு, செயலியில் பதிவேற்றும் வேலையைவிடப் பிள்ளையின் பக்கத்தில் உட்காரும் நேரம் அதிகம் கிடைக்கிறதா என்று கேட்பது நம் கடமை.

கேளுங்கள்

உங்கள் பிள்ளை வார வகுப்புக்குப் போகிறதா? போகட்டும். அங்கே சொல்லித் தரும் இளம்பெண்ணை நான் குறை சொல்லவில்லை. குறைந்த சம்பளத்துக்கு உழைக்கும் படித்த பெண் அவர். ஆனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் பிள்ளை இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்று சோதித்தீர்களா? மூன்று மாதத்தில் எதைத் தெரிந்துகொள்ளும், அதை நான் எப்படிச் சரிபார்ப்பது? சொல்லித் தரும் ஒவ்வொரு குறுக்குவழிக்கும் காரணம் சொல்லித் தருகிறீர்களா? பதில் சொல்ல முடியாத இடத்துக்குக் கட்டும் பணத்தை நிறுத்துங்கள். அந்தப் பணத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கதைப் புத்தகம் வாங்குங்கள். ஒரு தீப்பெட்டியும் வாங்குங்கள்.

பிறகு பள்ளிக்குப் போங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும்போது போய் உட்காருங்கள். என் பிள்ளைக்குச் சட்டம் தந்த 800 மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேளுங்கள். ஆசிரியர் பற்றாக்குறை என்றால் அரசிடம் கேளுங்கள், தேர்தலில் கேளுங்கள். காசு உள்ளவர் சனிக்கிழமையை விலைக்கு வாங்கிக்கொள்வார். வீட்டு வேலைக்குப் போகும் தாயின் மகளுக்கு அந்தச் சனிக்கிழமையும் இல்லை. அவளுக்கு இருப்பது அந்த 800 மணி நேரம் ஒன்றுதான். அதை வீணடிக்கவிட்டு, நம் பிள்ளையை மட்டும் கரையேற்றிவிட்டால் போதும் என்று நினைப்பது அறம் இல்லை. படித்தவன் வீட்டுப் பிள்ளைக்குத்தான் படிப்பு வரும் என்ற பழைய அநியாயத்துக்கு மாதக் கட்டணம் செலுத்துவது அது.

எல்லாவற்றுக்கும் மேலாக, பிள்ளை ஏன் என்று கேட்டால் பதில் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை, சேர்ந்து பார்ப்போம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்கும் பிள்ளையை அடக்கிவிட்டு எந்த வகுப்பில் சேர்த்தாலும் அது அறிவு பெறாது. கேட்கவிடுங்கள், அதைவிடப் பெரிய பாடத்தை எந்தப் பயிற்சி மையமும் விற்கவில்லை.